மூடிக்கு மேலே ஒரு மச்சான்

பிலவேந்திரன் கடற்படையில் சேர்ந்தது கிணற்றுக்குப் பயந்து.

மாரண்டஹள்ளிக்குக் கிழக்கே அவர்கள் ஊர். அங்கே தண்ணீர் பாறைக்கு அடியில் இருந்தது. அவன் அப்பா மரியசூசை, இருந்த கொஞ்ச மேட்டு நிலத்தில் மழைக்கு ராகி விதைத்துவிட்டு, மீதி நாளெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கிணறு வெட்டினார். மண் முடிந்து பாறை வந்ததும் வேட்டு வைக்க வேண்டும். பாறையில் குழி போட்டு மருந்தைக் கெட்டித்து, திரி விட்டு, எல்லாரையும் மேலே ஏற்றிய பிறகு கடைசி ஆள் பற்றவைப்பான். பற்றவைத்ததும் கடப்பாரையால் பாறையில் மூன்று தட்டு. மேலே இருப்பவன் கயிற்றை இழுப்பான்.

கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகையறாவில் சட்டம். அண்ணன் தம்பி கூடாது. அண்ணன் தம்பிக்குள் பங்கு இருக்கிறது, வரப்பு இருக்கிறது. மச்சான் என்றால், கீழே இறங்கியவனின் தாலி அவனுடைய உடன்பிறந்தவள் கழுத்தில் தொங்குகிறது. கயிற்றை விட்டுவிட்டு எந்த முகத்தோடு அவள் வாசலில் போய் நிற்பான்?

மரியசூசைக்குக் கயிறு பிடித்தவர் அவர் மனைவி ராயம்மாளின் தம்பி. அவர் ஒருநாள் மாடு பார்க்கக் காரிமங்கலம் சந்தைக்குப் போயிருந்தார். மரியசூசை காய்ச்சலில் படுத்திருந்தார். கிணற்றுக்காரர் அவசரப்படுத்தினார். அன்று திரியைப் பற்றவைத்தது பிலவேந்திரன். கயிறு பிடித்தது கூலிக்கு வந்த ஒருவன்.

மூன்று தட்டு தட்டினான். கயிறு இறுகியது. ஆள் உயரம்கூட ஏறியிருக்கமாட்டான், ஒரு திரி முந்திக்கொண்டது. சின்ன வேட்டுதான். ஆனால் சல்லி ஒன்று பறந்து மேலே போயிற்று. கூலிக்காரன் கயிற்றை விட்டுவிட்டு ஓடினான்.

பிலவேந்திரன் பாறையில் விழுந்து எழுந்தான். மற்றத் திரிகள் புகைந்துகொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தான். மேலே வட்டமாக வானம். அந்த வட்டத்தில் ஒரு தலைகூட இல்லை. அவன் கூப்பிட்டான். தட்டினான். பிறகு பக்கவாட்டில் குடைந்திருந்த பொந்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கீறலோடு தப்பித்தான். ராயம்மாள் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மாமன் சந்தையிலிருந்து வந்து, கூலிக்காரனைத் தேடிப்போய் அறைந்தார். எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அதன் பிறகு தண்ணீர் சேந்தும்போதுகூடப் பிலவேந்திரனால் கிணற்றை எட்டிப் பார்க்க முடியவில்லை. சொல்லவும் முடியவில்லை. கிணறு வெட்டுகிற வீட்டில் கிணற்றுக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது?

சீனச் சண்டை முடிந்த சமயம் அது. பெங்களூரில் ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். அவன் ஓசூர் பஸ் பிடித்துப் போனான். தரைப்படையில் சேர்ந்தால் பதுங்குகுழி வெட்டச் சொல்வார்கள் என்று வரிசையில் நின்ற ஒருவன் சொன்னான். பிலவேந்திரன் பக்கத்து வரிசைக்கு மாறினான். கடலை அவன் பார்த்ததில்லை. கேள்விப்பட்டவரை அது திறந்தவெளி. தலைக்குமேல் வானம் இருக்கும், முழு வானம்.

நீச்சல் பரீட்சையில் முதல் ஆளாகத் தேறினான். கடலோரத்துப் பையன்கள் சிலரே தடுமாறியபோது, கிணற்றில் நீந்திப் பழகியவனுக்கு அது விளையாட்டாக இருந்தது. பிறகு லோனாவாலாவில் எஞ்சின் வேலை பழக்கினார்கள். ஸ்டோக்கர் என்று பெயர் கொடுத்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பது பம்பாயில் பெரிய கப்பலைப் பார்த்த அன்றுதான் புரிந்தது.

அப்போது நாட்டில் விமானம் தாங்கும் கப்பல் ஒன்றே ஒன்றுதான். கடற்படையில் அதைப் பெரிய கப்பல் என்றால் போதும். பிலவேந்திரன் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தான். ஒரு ஊர் தண்ணீரில் நின்றது. அதன் உச்சியில் களத்துமேடு மாதிரிச் சமமான தளம், அதில் சிறகு மடக்கிய விமானங்கள். அங்கேதான் நிற்கப்போகிறோம் என்று நினைத்தான். அவனைக் கூட்டிப்போனவன் உள்ளே நுழைந்து ஓர் ஏணியில் இறங்கினான். அதற்குக் கீழே இன்னோர் ஏணி. அதற்கும் கீழே இன்னொன்று. வெளிச்சம் போய் விளக்கு வந்தது. காற்று போய் எண்ணெய் வாடை வந்தது. கடைசியில் இரும்புத் தரையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக இறங்கினால் பாய்லர் அறை. கடல் மட்டம் தலைக்கு மேலே இருந்தது.

கிணறுதான். நெருப்பும் வைத்த கிணறு.

ஓட்டைக்கு ஒரு கனத்த மூடி இருந்தது. சாதாரண நாட்களில் அது திறந்தே கிடக்கும். போர் அலாரம் அடித்தால் மூட வேண்டும். சுற்றிலும் இருக்கும் கிளிப்புகளைத் திருப்பி, மேலே ஓர் ஊசியைச் செருகிவிட்டால் கீழிருந்து யாராலும் திறக்க முடியாது. குண்டு பட்டு ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூடிக்கு மேலே ஒருவன் காவல் நிற்பான். பக்கத்தில் ஃபோன். உத்தரவு வராமல் அவன் ஊசியைத் தொடக்கூடாது.

முதல் ஒத்திகையில் தலைக்குமேல் கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பும் சத்தம் கேட்டபோது, பிலவேந்திரனின் கால் தானாக ஏணிப் பக்கம் போயிற்று. கையில் ஸ்பிரேயர் வால்வு இருந்ததால் நின்றான். அடுப்புக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் வால்வு அது. அதை விட்டுவிட்டுப் போக முடியாது. வேர்வையில் பயம் தெரியவில்லை. அங்கே எல்லாருக்கும்தான் வேர்த்தது.

அறுபத்தைந்தில் சண்டை வந்தபோது பெரிய கப்பல் பம்பாயில் பழுதுபார்க்க நின்றிருந்தது. அதை மூழ்கடித்துவிட்டதாக எதிரி நாட்டு ரேடியோ சொன்னது. மாரண்டஹள்ளி டீக்கடை வழியாகச் செய்தி ஊருக்கு வந்து, ராயம்மாள் ஒப்பாரி வைத்து, பங்குச் சாமியார் பூசைக்கு நாள் குறிக்கும்வரை போயிற்று. அந்த நாட்களில் பிலவேந்திரன் கப்பலின் அடிவயிற்றில் துரு சுரண்டிக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்து சேக்காளிகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எனக்காக அழுதுவிட்டார்கள், இனி நடப்பது மட்டும் பாக்கி என்று அவனுக்குப் பட்டது.

இரண்டு வருடம் கழித்து ஞானராஜ் கப்பலுக்கு வந்தான். காரிமங்கலம் பக்கத்து வேதக்காரக் குடும்பம், விவசாயம். நெட்டை ஆள், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருப்பான். குண்டு பட்டால் உடைப்பை அடைத்துத் தண்ணீரைத் தடுக்கும் சேத நிவாரணக் குழுவில் அவனுக்கு வேலை. போர் அலாரம் அடித்தால் அவன் நிற்க வேண்டிய இடம் பிலவேந்திரனின் பாய்லர் அறை மூடிக்கு மேலே.

அது தெரிந்த அன்று பிலவேந்திரன் தன் பங்கு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தான்.

"எதுக்குடா?"

"சும்மா. நம்ம பக்கத்து ஆளு."

"நம்ம பக்கத்துல எவன்டா மீன் குடுப்பான். என்ன வேணும், சொல்லு."

பிலவேந்திரன் சொல்லவில்லை. பல மாதம் பழகிய பிறகு, விமானத் தளத்தில் காற்று வாங்க உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் சொன்னான்.

"உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறாங்களாமே."

"யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன."

"சொன்னேன். அதுக்கு?"

"என்னைப் பாக்கச் சொல்லேன்."

ஞானராஜ் திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தான். "எம் தங்கச்சிய நீ பாத்ததே இல்லையேடா. கருப்பா சிவப்பான்னு தெரியுமா?"

"உன்னைப் பாத்துட்டேன். அது போதும்."

"நான் லட்சணமா இருக்கறேன்னு சொல்றியா? அவ எங்க ஆத்தா மாதிரி. பேச ஆரம்பிச்சா கதவை மூடிக்கணும்."

"பரவால்ல."

அப்போது கிணற்றையும் கயிற்றையும் பற்றிப் பிலவேந்திரன் சொன்னான். கூலிக்காரன் ஓடியதைச் சொன்னான். வட்டத்தில் தலை இல்லாததை மட்டும் சொல்லவில்லை.

"இது கவுறு இல்லடா, இரும்பு மூடி. ஃபோன் வந்தாத்தான் தொறப்பேன்" என்றான் ஞானராஜ்.

"தெரியும்."

"எம் பொறந்தவளுக்காகத் தொறப்பேன்னு நெனச்சுக் கட்டிக்காத."

"இல்லடா" என்றான் பிலவேந்திரன். அதை நினைத்துத்தான் கட்டிக்கொண்டான்.

அறுபத்தொன்பது மே மாதம் கல்யாணம். லீவு கொஞ்சம்தான் இருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்க நேரமில்லை என்று சாமியார் மேற்றிராணியாருக்கு எழுதி அனுமதி வாங்கி, ஒரே ஓலையோடு முடித்தார். இசபெல்லா அண்ணனைப் போல நெட்டை. பேச்சும் அவன் சொன்ன மாதிரிதான். வந்த வாரமே, களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, என்னைக் கட்டுனது எனக்காகவா, எங்கண்ணனுக்காகவா?"

"யாரு சொன்னா?"

"உங்க மாமன் சொல்லிச் சிரிக்கிறாரு. கடல்லயும் கவுறு புடிக்க மச்சான் புடிச்சிட்டான்னு."

பிலவேந்திரனுக்குக் காது சூடாயிற்று. இசபெல்லா களியை உருட்டித் தட்டில் வைத்து அவன்முன் தள்ளினாள். "புடிக்கட்டும். நல்லாப் புடிக்கட்டும். எனக்கும் அதுதான வேணும்" என்றாள். அன்றைக்குத்தான் அவளை அவனுக்குப் பிடித்தது.

கப்பலுக்குத் திரும்பிய பிறகு ஒத்திகைகள் அவனுக்கு மாறிப்போயின. கிளிப்புகள் திரும்பும்போது மேலே நிற்பவனின் செருமல் கேட்கும். அது மச்சானின் செருமல். மூச்சு கொஞ்சம் இறங்கும்.

எழுபத்தொன்றில் பெரிய கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்தது. நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். அதை வைத்துக்கொண்டு முழு வேகம் போக முடியாது. வேகம் குறைந்தால் தளத்தில் காற்று போதாது. காற்று போதாவிட்டால் விமானம் எழாது. ஆகவே மற்ற பாய்லர்களில் நிற்பவர்கள் கண் இமைக்கக்கூடாது என்று பாய்லர் அறையின் தலைமை ஆள் சீஃப் சொன்னார். தங்களைத் தேடி ஒரு நீர்மூழ்கி வருவதாகவும் பேச்சு இருந்தது. அதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்வார்கள், சொல்லிவிட்டுத் தட்டைப் பார்ப்பார்கள்.

டிசம்பரில் சண்டை தொடங்கியது. விமானங்கள் போயின, வந்தன. பிலவேந்திரன் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கு வெகு மேலே ஏதோ வண்டியைக் குடைசாய்த்ததுபோல் ஒரு அதிர்வு வரும். ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். இன்னொரு மாதிரி அதிர்வு வந்தால் ஒன்று திரும்பிவிட்டது. அவன் போர் அவ்வளவுதான். மூடி, அழுத்தமானி முள், கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்கும் தண்ணீர்.

ஒருநாள் செய்தி வந்தது. மேற்குக் கடலில் நம் கப்பல் ஒன்றை நீர்மூழ்கி அடித்துவிட்டது, ஏராளமான பேரோடு போய்விட்டது. அதில் அவனுடன் லோனாவாலாவில் படித்த ஒருவன் இருந்தான். அவனும் ஸ்டோக்கர். ஸ்டோக்கர்கள் எங்கே இருந்திருப்பார்கள் என்று ஸ்டோக்கர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பிலவேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. டீ மட்டும் குடித்தான். ஏணியில் இறங்கும்போது படிகளைத் தொட்டுத் தொட்டு, இருட்டில் ஏறினால் கை எங்கே போகும், கால் எங்கே போகும் என்று பழகினான். ஞானராஜிடம் போய் நின்றான்.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டுமா."

"கேக்காத, மாப்ளே" என்றான் ஞானராஜ். அவன் முகமும் வெளிறித்தான் இருந்தது. "தெரியும். கேக்காத."

இரண்டு நாளில் அது வந்தது. காலை வேளை. அலாரம் அடித்தது. ஒத்திகை இல்லை என்பது மேலே ஓடிய கால்களிலேயே தெரிந்தது. மூடி விழுந்தது. கிளிப்புகள் திரும்பின. ஞானராஜ் செருமினான். பிறகு, உடன் வந்த சிறு கப்பல்கள் தண்ணீருக்குள் வெடிகளைப் போடத் தொடங்கின. கீழே நீர்மூழ்கி இருப்பதாகச் சந்தேகம்.

முதல் வெடி கப்பலின் பக்கவாட்டில் சம்மட்டியால் அடித்ததுபோல் விழுந்தது. பிலவேந்திரனுக்கு அந்தச் சத்தம் தெரியும். பாறைக்குள் வேட்டு போகும் சத்தம். வெளியே இருப்பவனுக்கு அது காதில் கேட்கும். உள்ளே இருப்பவனுக்குப் பல்லில் கேட்கும்.

இரண்டாவது. மூன்றாவது. விளக்கு மங்கி மறுபடி எரிந்தது. நான்காவது வெடிக்குப் பாய்லரின் கண்ணாடிக் குழாய் உடைந்தது.

ஆவி சீறிக்கொண்டு வந்தது. வெள்ளையாக, அறை முழுவதும். யாரோ இந்தியில் கத்தினார்கள். பிலவேந்திரனுக்கு அது என்ன என்று தெரியும். கண்ணாடி உடைந்தால் சங்கிலியை இழுத்துக் குழாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனையோ முறை பழக்கியிருந்தார்கள். சங்கிலி அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஆனால் அவன் அப்போது பாய்லர் அறையில் இல்லை. திரிகள் புகைந்துகொண்டிருந்தன. அவன் ஏணியில் ஏறினான். உச்சிக்குப் போய், இடுப்பில் இருந்த ஸ்பானரை உருவி மூடியில் மூன்று தட்டு தட்டினான்.

மூடி அசையவில்லை.

மறுபடி மூன்று.

ஸ்பானர் வழுக்கிக் கீழே விழுந்தது. உள்ளங்கையால் மூடியைத் தள்ளினான். மேலே ஒருவன் இருந்தான். இருப்பது தெரிந்தது. வட்டத்தில் தலை இருந்தது, ஆனால் வட்டம் திறக்கவில்லை. அவன் "மச்சான்" என்று சொன்னான், கத்தவில்லை, காதருகே சொல்வதுபோலச் சொன்னான். பிறகு ஏணியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

சீறல் நின்றது. சீஃப் சங்கிலியை இழுத்திருந்தார். ஒருவன் அவன் கணுக்காலைப் பிடித்துக் கீழே இறக்கினான். யாருக்கும் பெரிய காயமில்லை. சீஃப் அவனைப் பார்த்தார். அவன் கையைப் பிடித்து வால்வின் மேல் வைத்துவிட்டு, வேறு பக்கம் போனார். அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீருக்குள் இருந்தது நீர்மூழ்கியா, மீன் கூட்டமா என்றும் யாருக்கும் தெரியவில்லை.

மாலையில் டீக் குவளையோடு ஞானராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிலவேந்திரன்தான் ஆரம்பித்தான்.

"தட்டுனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஃபோன் பண்ணுனியா?"

"பண்ணுனேன். தொறக்காதேன்னாங்க."

"மறுபடியும் தட்டுனேன்."

"அதுவும் கேட்டுச்சு." ஞானராஜ் குவளையைச் சுற்றினான். "மூடி மேல கைய வெச்சிருந்தேன். சூடு ஏறுதான்னு பாத்துக்கிட்டு."

"ஏறியிருந்தா?"

ஞானராஜ் டீயைக் குடித்து முடித்தான். "ஏறல" என்றான்.

சண்டை சில நாட்களில் முடிந்தது. அடுத்த வெயில் காலத்தில் இருவரும் சேர்ந்து லீவில் வந்தார்கள். கோயிலில் இருவருக்கும் மாலை போட்டார்கள். எதிரி ஊர்மேல் குண்டு போட்டது எப்படி இருந்தது என்று ஆள் ஆளுக்குக் கேட்டார்கள். இருவருமே குண்டையும் பார்க்கவில்லை, ஊரையும் பார்க்கவில்லை. "நல்லா இருந்துச்சு" என்றான் பிலவேந்திரன்.

மாமியார் வீட்டில் கோழி அடித்திருந்தார்கள். மாமியார் வெளியே தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் பிலவேந்திரனின் மகள் புஷ்பமேரி. உள்ளே இருவரும் சாப்பிட, இசபெல்லா பரிமாறினாள்.

"அண்ணா, இவரு பயந்தாரா?" என்றாள் சிரித்துக்கொண்டே. "ஊருக்குள்ள புலி மாதிரி நடக்குறாரு."

ஞானராஜ் பொய் சொல்லத் தெரியாதவன். எலும்பை இலையோரத்தில் வைத்தான். "எல்லாரும்தான் பயந்தோம். இவன் கீழ இருந்து தட்டுனான். நான் தொறக்கல" என்றான்.

இசபெல்லாவின் கரண்டி நின்றது. அவள் விவரம் கேட்டாள். ஞானராஜ் மறைக்காமல் சொன்னான். ஆவி என்றான், ஃபோன் என்றான், உத்தரவு என்றான். அவள் அவற்றைத் தாண்டிக் கேட்டாள்.

"தட்டுனது இவருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க மேல இருந்து, எங்கண்ணன் கீழ இருந்து தட்டியிருந்தா?"

பிலவேந்திரன் யோசிக்கவில்லை. "தொறந்திருப்பேன்" என்றான்.

"தொறந்திருந்தா ஆயிரம் பேரு உசுரு, மாப்ளே" என்றான் ஞானராஜ் தாழ்ந்த குரலில்.

"ஆயிரம் பேரைப் பத்தி நான் கேக்கல" என்றாள் இசபெல்லா. "இங்க பாரு அண்ணா. இவரை மேல எடுத்துக்கோ. உன் பக்கத்துல வெச்சுக்கோ. எப்படியோ பண்ணு. இல்லேன்னா எங்க வூட்டுப் படி மிதிக்காத. நானும் இந்த வூட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

ஞானராஜ் அதற்குள் குழுவில் மூத்தவனாக, லீடிங் ஹேண்டாகப் பதவி உயர்ந்திருந்தான். அவன் சொன்னால் கேட்க ஆள் இருந்தது. திரும்பிப்போன சில மாதங்களில் பிலவேந்திரன் சேத நிவாரணக் குழுவுக்கு மாற்றப்பட்டான். பக்கத்துப் பாய்லர் அறையின் மூடி அவன் பொறுப்பு. அன்று அவன் முழுச் சோறு சாப்பிட்டான்.

முதல் பெரிய ஒத்திகை நடுக்கடலில் நடந்தது. அலாரம் அடித்ததும் கீழே போகவேண்டியவர்கள் அவனைத் தாண்டி இறங்கினார்கள். கடைசியாக ஒரு புதுப் பையன், மலையாளி, மீசை சரியாக முளைக்காதவன். இறங்கும்போது நிமிர்ந்து பிலவேந்திரனின் முகத்தைப் பார்த்தான். பிலவேந்திரன் மூடியை இறக்கினான். கிளிப்புகளைத் திருப்பினான். ஊசியைச் செருகினான். செருமினான்.

இனிப் பயமில்லை என்று நினைத்திருந்தான். மேலே நிற்பவனுக்கு என்ன பயம்? ஆனால் நிற்க நிற்கக் காது கீழே போயிற்று. இரும்பு சும்மா இருப்பதில்லை. சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், டக்கென்று ஒரு குழாய் எங்கோ சத்தம் போடும். ஒவ்வொன்றும் அவனுக்குத் தட்டுவதுபோல் கேட்டது. ஒன்று. அவன் காத்திருந்தான். இரண்டு. மூன்றாவது வரவில்லை. வந்ததா? ஒரு தடவை தட்டிவிட்டுக் கை சோர்ந்திருக்குமோ? அந்தப் பையனுக்கு மூன்று தட்ட வேண்டும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? கீழே ஆவி போய்க்கொண்டிருந்தால் மேலே எப்படித் தெரியும்?

குனிந்து மூடியில் கையை வைத்தான். சூடாக இருந்தது. பாய்லர் அறை மூடி எப்போதும் சூடாகத்தான் இருக்கும். எவ்வளவு சூடு சரி, எவ்வளவு சூடு தப்பு?

"ஏய்" என்று ஒரு குரல் கேட்டது. அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தான். ஊசி அவனுடைய வலது கையில் இருந்தது. எப்போது உருவினான் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கிளிப்பும் பாதி திரும்பியிருந்தது.

ஒத்திகைதான் என்பதால் ஏச்சோடு போயிற்று. சண்டை நேரமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதிகாரி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. மூடி திறந்தபோது அந்த மலையாளிப் பையன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தான். யாரும் தட்டவில்லை என்றான்.

பிலவேந்திரன் அன்று மாலையே பழைய சீஃபிடம் போனான்.

"என்னைக் கீழயே போட்டுடுங்க சார்."

சீஃப் நிமிர்ந்தார். "மேலே போனவன் எவனும் திரும்பிக் கேட்டதில்லை. கீழே பயமில்லையா உனக்கு?"

"இருக்குது சார்."

"பின்னே?"

"கீழ இருந்தா என் பயம் என்னோட போயிரும்" என்றான்.

அடுத்த ஒத்திகையில் அவன் பழைய ஏணியில் இறங்கினான். படிகள் கைக்குத் தெரிந்திருந்தன. மூடி விழுந்தது. ஞானராஜ் செருமினான். பிலவேந்திரனுக்குப் பயம் முன்பு எப்படி வந்ததோ அப்படியே வந்தது. அது ஒரு நாளும் மாறவில்லை. மீதமிருந்த வருடங்கள் முழுவதும், ஒவ்வொரு முறையும், அவன் வால்வைப் பிடித்துக்கொண்டு பயந்தான். ஏணிப் பக்கம் மட்டும் போகவில்லை.

இசபெல்லாவுக்கு இது தெரிய வேண்டாம் என்று ஞானராஜிடம் கேட்டுக்கொண்டான். ஞானராஜ் பொய் சொல்ல மாட்டேன் என்றான், ஆனால் அவளாகக் கேட்காதவரை வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டான்.

எழுபத்துமூன்று மார்கழியில் லீவில் வந்தபோது இசபெல்லா அவன் முன் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மேலதான இருக்கீங்க?"

"மேலதான்."

"அண்ணன் பக்கத்துல?"

"ரொம்பப் பக்கத்துல."

அவள் தலையாட்டினாள். களியைக் கிள்ளி அவரைக்காய்க் குழம்பில் தோய்த்து மகளுக்கு ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உங்க எடத்துல கீழ யாரு?"

"எவனோ ஒருத்தன்."

"பேரு?"

"தெரியாது. அவனோட அவ்வளவாப் பேசறதில்ல."

"கல்யாணம் ஆனவனா?"

"ஆயிருச்சு."

"பாவம்" என்றாள் இசபெல்லா. "அவ எந்த ஊருல ஒக்காந்துக்கிட்டு இருக்காளோ."

கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாட்டியிருந்த மாதா படத்துக்கு முன் நின்றாள். வழக்கமாகச் சொல்லும் செபத்தோடு, பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னாள். மகளையும் கை குவிக்கச் சொன்னாள். பிலவேந்திரன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் ஆமென் சொன்னபோது அவனும் சொன்னான்.